@ குறியை எப்படி ரசிப்பது?

கோவை சத்தி ரோட்டு பஸ்களின் போர்டில் இருக்கும் ‘கணபதி’ என்ற பெயரை எழுத்துக் கூட்டிப் பாருங்கள். நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு, ‘தி’யின் கொக்கிக்குத் தனி எண் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட். நிரல்மொழி ஒன்று தமிழைப் படிக்கும்போது அதன் கைக்கு முதலில் வருவது இந்த 15 பைட்தான். அவை சொற்களாக்கப்பட்டபின், அந்தச் சொற்களின் வரிசையிலிருந்து வாக்கியத்தின் அமைப்பைக் கண்டுபிடிப்பது பார்சரின் வேலை.

இதை ரசிக்க ‘எழில்’ அருமையான இடம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி அது. அதை விளக்கும் கட்டுரை 2009-இல் வெளியானது. எழில் கம்பைலர் அல்ல, இன்டர்பிரெட்டர். ஆனாலும் பார்சர் இரண்டுக்கும் வேண்டும். பைத்தானில் எழுதியிருப்பதால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். சி மொழியில் எழுதியிருந்தால் கிடைக்கும் வேகம் இதில் வராது. நிரல் பழகும் பிள்ளைகளுக்கான மொழிக்கு அது சரியான பேரம் என்றே நினைக்கிறேன்.

இனி இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்:

@(வயது >= 18) ஆனால்
@(எண் < 10) வரை

முதலாவது நிபந்தனை, அடுத்தது சுழற்சி. சி மொழியில் ‘இஃப்’, ‘வைல்’ என்ற சொல் முதலிலேயே வந்துவிடும். பார்சருக்குப் பாதை உடனே தெரியும். தமிழில் ‘ஆனால்’ கடைசியில்தான் வரும். அதுவரை இது எந்த வகை வாக்கியம் என்று சொல்ல முடியாது. ஊகித்துப் போய், தவறினால் திரும்பி வந்து மறுபடி படிக்கும் பார்சர் மெதுவாகிவிடும். அந்தத் தொல்லையை @ தீர்க்கிறது. ‘நிபந்தனை வருகிறது, அதை முழுதாகப் படித்துக் கையில் வைத்துக்கொள், அடுத்த சொல்லைப் பார்த்து முடிவு செய்’ என்று அது சொல்லிவிடுகிறது. ஒரே ஒரு குறியால் தமிழின் சொல்வரிசையும் பிழைத்தது, பார்சரின் வேகமும் பிழைத்தது. இந்த மொழியில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான்.

நீங்களே செய்து பாருங்கள். வரியைக் கையால் மறைத்து, ஒவ்வொரு சொல்லாகத் திறவுங்கள். ஒவ்வொன்றிலும் ‘இதுவரை எதை உறுதியாகச் சொல்லலாம்?’ என்று கேளுங்கள்.

பழகியபின் ‘இல்லைஆனால்’ வரும் நிரலுக்குப் போங்கள். அதன் நிபந்தனையும் @ குறியில்தான் தொடங்கும். ‘ஆனால்’ பகுதிக்குள் இருக்கும் பார்சர் ஒரு @ குறியைப் பார்த்தால், அது உள்ளே புதிதாகத் தொடங்கும் வாக்கியமா, வெளியே இருக்கும் நிபந்தனையின் அடுத்த கிளையா? கடைசிச் சொல் வரும்வரை தெரியாது. கிளைதான் என்றால், கையில் இருக்கும் நிபந்தனையை வெளியே ஒப்படைத்தாக வேண்டும். எழிலின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. அந்த ஒப்படைப்பு நடக்கும் இடத்தைத் தேடிப் படியுங்கள்.