ஜின்னும் இயந்திரமும்

மாயப் புனைவு நாவல்களை வாசிப்பது வாழ்விலிருந்து தப்பியோடுவதாகுமா, விஞ்ஞானப் புனைகதைகள்தாம் நம் காலத்துக்கு உகந்தவையா என்னும் விவாதம் கல்முனைக் கரையோர ஊர்களில் இலக்கிய ஆர்வமுள்ள ஆசிரியரிடையேயும் மாணவரிடையேயும் எழுவதுண்டு. ஒரு சாரார் மாயக் கதை அனைத்தையும் பிற்போக்கென ஒதுக்குகின்றனர். மற்றொரு சாரார், கற்பனையிடம் கணக்குக் கேட்பது முறையன்று என்கின்றனர். இரு சாராரும் கேள்வியைப் பிழையாகவே கேட்கின்றனர் என்பது நமது கருத்து.

கற்பனை நமக்குப் புதிதன்று. கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் பாடக் கேட்டு வளர்ந்த சமூகம் நம்முடையது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனக் கொள்ளப்படும் 'அசன்பேயுடைய கதை' (1885) எகிப்திலும் இந்தியாவிலும் விரியும் சாகசக் கதையே. அதை எழுதிய சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். முஸ்லிம்களின் கல்விக்காக ஓயாது பாடுபட்டவர். சாகசக் கதை எழுதியதால் அவர் சீர்திருத்தப் பணிக்கு இழுக்குத் தேடினார் என்று எவர் கூறுவர்?

ஜின்னா இயந்திரமா என்பது ஒரு பொருட்டன்று. புனையப்பட்ட அவ்வுலகில் உழைப்போர் யார், உண்போர் யார், அதிகாரம் எவர் கையில் என்பனவே நாம் கேட்க வேண்டியவை. டோல்கீனின் 'த லோர்ட் ஒவ் த ரிங்ஸ்' (1954–55) நாவலை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். எளிய சிற்றுருவினர் தோளில் பெருஞ்சுமையை ஏற்றிப் பெருமைப்படுத்திய அவர், காடுகளை எரித்துத் தின்னும் ஆலைகளையும் கண்டித்தார். ஆயினும் இறுதியில் அவர் காட்டும் விடிவு, உரிய வாரிசு அரியணை ஏறுவதேயாம்.

கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகர ஆங்கிலத்தில் எழுதிய 'த செயின்ட் ஒவ் பிரைட் டோர்ஸ்' (2023) நெபியுலா விருது பெற்ற மாயப் புனைவு. மதத் தலைவனான தந்தையைக் கொல்லவென்றே தாயால் வளர்க்கப்பட்ட மகனின் கதை அது. அங்கே மந்திரக் கதவுகள் உண்டு. அவற்றோடு மக்களை வகை பிரிக்கும் அலுவலகங்களும், இன வன்முறையும், கொள்ளை நோயும், தடுப்பு முகாம்களும் உண்டு. கொவிட் காலத்தில், 2020 முதல் 2021 வரை, குடும்பத்தார் கதறியும் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதைக் கண்ட நமக்கு அந்நகரம் அந்நியமாகுமா? இதைத் தப்பியோடும் இலக்கியம் என்போர் நூலைத் திறந்து பாராதவரே.

விஞ்ஞானக் கதை கேட்போருக்கு மூன்றைப் பரிந்துரைப்போம். ரொகேயா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு' 1905இல் சென்னைச் சஞ்சிகையொன்றில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சூரிய வெப்பத்தால் சமைத்து, ஆகாய ஊர்தியில் சென்று, பெண்களே ஆளும் நாட்டை அதில் அந்த முஸ்லிம் பெண்மணி படைத்தார். ஆடவரோ வீட்டினுள் அடைபட்டிருந்தனர்! நம் பெண் பாடசாலைகளில் பேசப்பட வேண்டிய நூல் இது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' மக்கள் வழிபடும் சர்வாதிகாரி வெறும் ஒளிப் பிம்பமே என்று காட்டி, தலைவர் வழிபாட்டின் வேரை அசைக்கிறது. கிம் ஸ்டான்லி ரொபின்சனின் 'த மினிஸ்ட்ரி ஃபோர் த ஃபியூச்சர்' (2020) உத்தரப் பிரதேசத்து மக்கள் வெப்ப அலையில் மடிவதோடு தொடங்கி, அதற்குப் பொறுப்பாளிகள் எவரென வினவுகிறது.

இவ்வினா நமக்கு ஏட்டு வினாவன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இலங்கையில் மிக அதிக உயிர்களைப் பலிகொண்டது அம்பாறை மாவட்டத்திலேயே. அது பருவநிலை மாற்றத்தால் விளைந்ததன்று. ஆனால் அதன் பின் நிகழ்ந்தவை மனிதர் செய்தவை. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென அரசு அறிவித்தபோது, கடலையே வயலாகக் கொண்ட மீனவர் எங்கே போவர் என்ற கேள்வி எழுந்தது. கடல் ஊருக்குள் வருமென்று அதற்கு முன்தினம் ஒருவர் எழுதியிருப்பின் அதையும் மாயக் கதை என்றுதானே நாம் சிரித்திருப்போம்?

நேரக்கூடியதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் பயிற்சியே நற்கற்பனை. அது ஆங்கிலம் வாய்க்கப்பெற்ற சிலரின் உடைமையாய் நின்றுவிடலாகாது. படித்த ஆசிரியர்கள் இக்கதைகளை மாணவருக்குத் தமிழில் எடுத்துரைக்கட்டும், வல்லவர் மொழிபெயர்க்கட்டும். மருதமுனைத் தறியில் அமர்ந்தவரின் பிள்ளையும் நாளைய உலகைப் பற்றிக் கதை எழுதும் நாளிலேயே இவ்விவாதம் பயனுற்றதாகும்.