ஊசாட்டமும் ஒரு மொழிபெயர்ப்பும்

பேரறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு: ஹிஜ்ரி 322, கி.பி. 934) யாத்த 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் அரபு நூல், உடல்நலத்தை ஒரு பாகத்திலும் உள்ளநலத்தை மறு பாகத்திலும் பேசுவது. இஸ்தான்புல் ஆயாசோபியா நூற்சேகரத்தில் இருந்த அதன் ஏடு 1984-இல் ஃபிராங்ஃபர்ட்டில் நிழற்படப் பதிப்பாக வெளிவந்தது. உள்ளநலப் பாகத்தைச் சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரீ (1932–2021) ஆங்கிலமாக்கி 2013-இல் வெளியிட்டார். முஸ்லிம்களுக்கான உளநல ஆலோசனை பற்றி ஆராய்வோர் பலரும் இன்று எடுத்துக்காட்டும் நூல் அது.

அதன் துணைத்தலைப்பிலேயே நாம் இடறுகிறோம். ஒன்பதாம் நூற்றாண்டு மருத்துவரின் 'அறிதல்-நடத்தைச் சிகிச்சை' என்கிறது அது. மேலைநாட்டாரைக் கண்மூடிப் பின்பற்றும் முஸ்லிம் உளவியலாளரை, உடும்புப் பொந்தில் நுழைவோர் என 1970-களில் கடிந்துரைத்தவர் இதே பத்ரீ. அன்னாரே பின்னாளில் பல்கீயின் உயரத்தை அமெரிக்கரான ஆரோன் பெக்கின் முழக்கோலால் அளந்து காட்டியது நமக்கு வியப்பே. பெக்கின் முறை வெறும் கருத்தன்று; இமிப்ரமின் என்னும் மருந்தோடு ஒப்பிட்டு 1977-இல் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. பல்கீ அத்தகைய சோதனை எதையும் தரவில்லை. சோதனையை விட்டுக் கருத்தொற்றுமையை மட்டும் காட்டினால் இருவருக்குமே நீதி செய்தவர்களாகோம்.

இதனினும் நம்மை உறுத்துவது ஒரு சொல். ஈற்று இயலில் பல்கீ ஆளும் தொடர் 'வஸாவிஸுஸ் ஸத்ர்', அதாவது நெஞ்சின் ஊசாட்டங்கள். ஸூரத்துந் நாஸை ஓதும் சிறுவனும் அறிந்த சொல்லே அது. ரானியா அவாத், சாரா அலி ஆகிய இருவரும் 2015-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, இவ்வியலை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலோடு ஒப்புநோக்கி, 'எண்ணச் சுழற்சி நோய்' பல்கீயால் அன்றே விளக்கப்பட்டதெனக் காட்டுகிறது. உழைப்பு மெச்சத்தக்கது. ஆயினும் வஸ்வாஸ் என்பது நோய்ப்பெயர் மட்டுமன்று. ஒளூச் செய்பவனுக்கு வரும் சிறு ஐயமும் அதுவே, வாழ்வையே முடக்கும் வாதையும் அதுவே. எது எதுவெனப் பிரித்தறியும் கண்ணையே ஆலோசகருக்குப் பயிற்சி தரவேண்டும். ஒப்பீட்டு அட்டவணை அக்கண்ணைத் தராது.

பல்கீயிடம் அதற்கான வித்து உண்டு. உள்ளத்தின் மருந்தை இரண்டாக்குகிறார்: பிறர் கூறும் அறிவுரை ஒன்று, தானே நெஞ்சில் சேமித்த சிந்தனை மற்றொன்று. துன்பத்தில் அமிழ்ந்தவன் தன் அறிவைத் தான் நம்ப இயலாமையால் பிறர் சொல் தேவைப்படுகிறது. ஊசாட்டத்தால் வருந்துவோன் தனிமையையும் வேலையின்மையையும் தவிர்க்க என்பது அவர் கூறும் மருந்துகளுள் ஒன்று. பெக்கோடு ஒப்பிடும் ஆர்வத்தில் இவ்வெளிய வரியை விரைந்து கடந்துவிடுகிறோம்.

நாமும் ஒருகாலத்தில் கடந்தவர்களே. பல்லாண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவன் ஒருவன் ஜமாஅத் முடியும்வரை ஹவுளுக் கரையிலேயே இருப்பான். கழுவிய கையையே மீண்டும் மீண்டும் கழுவுவான். "இது ஷைத்தானின் ஊசாட்டம், தனியே அமர்ந்து திக்ரு செய்" என்று அறைக்கு அனுப்பினோம். ஓதுவதை விட்டு அவன் ஊருக்குப் புறப்பட்ட அன்றுதான், விடைபெற நீட்டிய அவன் கைகள் தோலுரிந்திருந்ததைக் கண்டோம்.