இரண்டே முக்கால் வயசு கஸ்டமர்

ஜப்பானில் நிப்பான் டி.வி. 1991-ல் ஆரம்பித்த நிகழ்ச்சி ஒன்று. பெயர் 'ஹாஜிமேதே நோ ஓட்ஸ்காய்'. முதல் தடவை கடைக்குப் போய் வருவது என்று அர்த்தம். 2022-ல் இதிலிருந்து 20 பகுதிகளை 'ஓல்டு இனஃப்' என்ற பெயரில் நெட்ஃப்ளிக்ஸ் வெளியிட, உலகம் முழுக்க அம்மா அப்பாக்கள் வாயைப் பிளந்தார்கள்.

கதை என்று ஒன்றும் பிரமாதமாக இல்லை. அம்மா காசு கொடுத்து, பையை மாட்டிவிட்டு, 'இன்னது வாங்கிட்டு வா' என்று அனுப்புகிறாள். குழந்தை போகிறது, வாங்குகிறது, வருகிறது. சில சமயம் எதை வாங்க வந்தோம் என்பதை மறந்துவிட்டு நடுவழியில் நின்று யோசிக்கிறது. பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நம் மெகா சீரியல்களில் மாமியார் திரும்பிப் பார்ப்பதற்கே அவ்வளவு நேரம் ஆகும்.

நெட்ஃப்ளிக்ஸின் முதல் பகுதி ஹீரோவுக்கு வயது இரண்டே முக்கால். சூப்பர் மார்க்கெட் சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி. வழியில் பெரிய ரோடு. பையன் கையில் மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க, கார்கள் நிற்கின்றன. (இந்த இடத்தில் சென்னைவாசிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறும்.)

இதற்கு மூலம், இதே பெயரில் யோரிகோ ட்சுட்சுய் எழுதி, அகிகோ ஹயாஷி படம் வரைந்து 1970-களில் வந்த குழந்தைப் புத்தகம். ஐந்து வயசுப் பெண் பால் வாங்கப் போகிறாள். வழியில் விழுகிறாள், காசு உருண்டு ஓடுகிறது, கடையில் அவள் குரல் யாருக்கும் எட்டவில்லை. புத்தகம் முழுக்க நாம் அந்தப் பெண்ணின் உயரத்திலிருந்து உலகத்தைப் பார்க்கிறோம். டி.வி. நிகழ்ச்சியில் கேமராமேன் உயரத்திலிருந்து குழந்தையைப் பார்க்கிறோம். என் முதல் புகார் இதுதான்.

மாறுவேஷத்தில் கேமராக்காரர்கள் பின்னாலேயே போகிறார்கள். வழியை முன்கூட்டியே பரிசோதித்துவிடுகிறார்கள். பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் குழந்தை பயந்து அழும்போது உருக்கமாக ஒரு பாட்டு, தடுமாறும்போது பின்னணியில் சிரிப்பு. சிரிப்பவர்கள் எல்லாரும் பெரியவர்கள். அந்தக் குழந்தைக்கு இது காமெடி இல்லை, அன்றைய தேதிக்கு அதன் வாழ்க்கையிலேயே பெரிய காரியம்.

இரண்டாவது புகார் இன்னும் முக்கியம். நிகழ்ச்சி பரீட்சையைக் காட்டுகிறது, பாடத்தைக் காட்டவில்லை. காசு எண்ணவும், ஸாரி சொல்லிவிட்டு இன்னொரு தடவை கேட்கவும், ரோட்டோரம் நிற்கவும் அந்தக் குழந்தைக்கு யாரோ பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பகுதி போரடிக்கும் என்று வெட்டிவிட்டார்கள்.

அந்த வெட்டிய பகுதியில் வாழ்நாள் முழுவதையும் செலவழித்தவர் மரியா மாண்டிசோரி. 1907-ல் ரோமின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் பள்ளியை ஆரம்பித்து, குழந்தை உயரத்துக்கு மேஜை நாற்காலி போட்டவர். ஒருநாள் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்துவது எப்படி என்று பாடம் எடுத்தார். கைக்குட்டையை எப்படிப் பிடிப்பது, சத்தம் வராமல் எப்படிச் சிந்துவது. முடிந்ததும் குழந்தைகள் கைதட்டினார்களாம். 'மூக்கைப் பாரு, அசிங்கம்' என்று எல்லாரும் திட்டியிருக்கிறார்களே தவிர, எப்படி என்று அதுவரை ஒருத்தரும் காட்டவில்லை. அவரே எழுதியிருக்கிறார். இதே அம்மையார் 1939-ல் நம் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார்.

அவர் பெயரை போர்டில் எழுதிய பள்ளிகள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பலவற்றில் எல்.கே.ஜி. யூனிஃபார்மைப் பாருங்கள். மூன்றரை வயசுக்கு டை, பெல்ட், லேஸ் வைத்த ஷூ. 'மிஸ், அவசரம்' என்று ஓடும் குழந்தை பெல்ட்டோடு போராடித் தோற்பது தினப்படி நடப்பது. அப்புறம் 'இன்னும் பழகலையே' என்று டயரியில் குறிப்பு வரும். பழகாதது குழந்தை இல்லை, பெல்ட். டிபன் பாக்ஸும் அப்படித்தான். ஒழுகக்கூடாது என்று நாலு பக்கமும் க்ளிப் வைத்து வாங்குகிறோம். ஆயாம்மா வந்தால்தான் திறக்கும்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். செல்போனில் ரைம்ஸ் ஓட, திறந்த வாயில் பருப்பு சாதம் போகிறது. தான் சாப்பிடுகிறோம் என்பதே அதற்குத் தெரியாது. வயிறு நிறைந்ததும் தெரியாது. ஐந்து வயசுக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், இரண்டு வயசுக்குள் அறவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியாகிவிட்டது. நாம் அந்த ஒரு மணியை சாப்பாட்டுக்கே செலவழித்துவிடுகிறோம். 'தானா சாப்ட்டா கீழ மேல சிந்துவான், நீ விடு, நான் ஊட்டறேன்.' ஊட்டுவதில் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாலு வயசில் அதில் பாதி, தரை துடைக்கச் சோம்பல். அங்கன்வாடித் தரையில் தட்டோடு உட்கார்ந்து, சிந்திச் சிதறித் தானே சாப்பிடும் குழந்தை இந்த விஷயத்தில் ஒரு கிளாஸ் முன்னாலிருக்கிறது.

ஜப்பானியர்கள் என்ன, பெற்றோராகவே பிறந்தவர்களா? இல்லை. அங்கே பெரும்பாலான இடங்களில் கார் வாங்குவதற்கு, அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் சான்றிதழ் வேண்டும். 1962 சட்டம். அதனால் தெருவோரம் காலியாக இருக்கிறது, டிரைவருக்குக் குழந்தை தெரிகிறது. நம் பிளாட்பாரத்தில் பைக், டிரான்ஸ்ஃபார்மர், பஜ்ஜிக்கடை போக மிச்சமிருந்தால்தான் மனிதர்கள். ஆகவே நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, 'பாரு, அந்தப் பையனைப் பாரு' என்று உங்கள் பிள்ளையைத் திட்டாதீர்கள். அவனுக்கு ஒரு ஊரே ஒத்தாசை செய்கிறது. கடைக்காரர்கூட 'உங்கம்மா எங்கே?' என்று விரட்டாமல், குனிந்து, அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறார். நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்த நடிகர்கள் இவர்கள்தான்.

சிரிப்புச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அவசியம் பாருங்கள். பார்த்தபின் பிள்ளையைக் கடைக்கு அனுப்ப வேண்டாம். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது டிபன் பாக்ஸ் பகுதிக்குக் கூட்டிப்போய், அதன் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். எது திறக்கிறதோ அதை வாங்குங்கள். கொஞ்சம் ஒழுகினால் பரவாயில்லை.