திருக்கோவிலூரில் கிடைக்காத வேலை

கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் வகுப்பு எடுக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் மெயில் எழுதவும் கற்றுக்கொடுக்கிறார்கள். வேலைக்கான விண்ணப்பம் அல்ல. நம் துறையில் நல்ல நிலையில் இருக்கும், முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதி அறிமுகம் தேடிக்கொள்கிற மெயில். பாடம் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். தலைப்பு வரி கண்ணை இழுக்க வேண்டும். முதலில் அவரைப் பற்றி நல்லதாக ஒரு சொல், அடுத்து நம்மைப் பற்றி இரண்டு வரி, அப்புறம் 'பதினைந்து நிமிடம் பேச நேரம் ஒதுக்க முடியுமா' என்ற வேண்டுகோள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் நினைவூட்டல். எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ராமானுஜன் இருக்கவே இருக்கிறார். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் கேம்பிரிட்ஜுக்கு ஒரு கடிதம் போட்டார், உலகமே திறந்துகொண்டது, நீங்களும் எழுதுங்கள் என்பார்கள்.

கதையின் இந்த வடிவத்தில் திருக்கோவிலூர் வருவதில்லை. வந்திருந்தால் பாடத்தையே மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

1910-இல் ராமானுஜனுக்கு வேலை தேவைப்பட்டது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பறிபோயிற்று. பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. 1909-இல் கல்யாணம் ஆகிவிட்டது. கணக்கு நோட்டைத் தவிர கையில் காட்ட ஒன்றுமில்லை. அந்த நோட்டோடு அவர் போய் நின்ற இடம், அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த திருக்கோவிலூர். மழைக்கு ஒதுங்கிய மூன்று ஆழ்வார்கள் நெருக்கியடித்து நின்று ஒருவரையொருவர் அறிந்துகொண்ட இடைகழி இங்கேதான் என்பார்கள். அறிமுகக் கதைகளுக்கு ஊர் புதிதல்ல. அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா உத்தியோகம்.

ராமசாமி ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், வேலை கொடுக்கவில்லை. வருவாய்த் துறையின் அடிமட்ட உத்தியோகத்தில் உட்காரவைத்து இந்தத் திறமையை மூச்சுமுட்டச் செய்ய மனம் வரவில்லை என்று பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதற்குப் பதில் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கையில் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். கடிதம் பி.வி. சேஷு ஐயருக்கு. கும்பகோணத்திலேயே ராமானுஜனை அறிந்திருந்த அவர் அப்போது மாநிலக் கல்லூரியில் இருந்தார். சேஷு ஐயர் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவுக்கு எழுதினார். ராவ் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்தார். பிறகு 1912 மார்ச் 1-ஆம் தேதி முதல் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளம். அங்கே மேலதிகாரியாக எஸ். நாராயண ஐயர், அவருக்கு மேலே துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். பொறியியல் கல்லூரியின் கிரிஃபித் தம் பழைய ஆசிரியர் ஹில்லுக்கு லண்டனுக்கு எழுதினார். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் 1913 ஜனவரி 16 தேதியிட்ட அந்தப் புகழ்பெற்ற கடிதம் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குப் போகிறது.

ஆகவே ஒரே கடிதம் வாழ்க்கையை மாற்றியது என்பது பாதிக்கதை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிவிட்ட வரிசையில் பின்னால் வந்த கடிதம் அது. ஹார்டிக்கு எழுதும்படி யோசனை சொன்னதே சேஷு ஐயர்தான். ஹார்டிக்கு முன்பே ஹாப்சன், பேக்கர் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்கு எழுதிப் பலனில்லாமல் போனதாகவும் சொல்கிறார்கள். அவர்களைக் கண்கெட்டவர்கள் என்று திட்டுவது நம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிரூபணமே இல்லாத சூத்திரங்கள் கட்டுக்கட்டாக ஏதோ ஒரு துறைமுக அலுவலகத்திலிருந்து வந்து விழுந்தால் வேலை மிகுந்த மனிதர் என்ன செய்வார்? நானும் நீங்களும் என்ன செய்திருப்போம்?

இப்போது அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். இன்றைய வகுப்பின் அளவுகோல்படி அதற்குத் தேர்ச்சி மதிப்பெண் கிடைப்பதே கஷ்டம். நீளம் அதிகம்; சிறுகுறிப்போடு ஏறத்தாழ 120 தேற்றங்கள். வயது 23 வாக்கில் என்று எழுதியிருக்கிறார், உண்மையில் 25 முடிந்துவிட்டது. ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு என்கிறார். அன்றைய 15 ரூபாய்க் கணக்கில் மாதம் 30 ரூபாய் என்பது 24 பவுண்டு ஆகிறது. இவை சில்லறைக் குறைகள். பெரிய குறை வேறு. எடுத்த எடுப்பில் அவர் தொட்டது ஹார்டியின் சிறு நூல் ஒன்றில் வரும் வாசகத்தை. குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் என்பதற்குத் திட்டவட்டமான கோவை இன்னும் கிடைக்கவில்லை என்று ஹார்டி எழுதியிருந்தார். நான் கண்டுபிடித்துவிட்டேன், பிழை மிகச் சொற்பம் என்கிறார் ராமானுஜன். அந்த உரிமைகோரல் தவறு என்று பின்னர் தெரிந்தது. தூண்டிலில் மாட்டிய புழுவே சொத்தை.

ஆனாலும் கடிதம் வேலை செய்தது, அதன் பலமும் அங்கேதான். யாருக்கு எழுதுகிறோமோ அவர் எழுதியதைப் படித்துவிட்டு, அதில் விட்டுப்போன இடத்தில் கைவைத்து எழுதினார். புகழ்ச்சி என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. படித்ததே மரியாதை. அப்புறம் தேற்றங்கள். அவற்றில் சில ஹார்டிக்கு முன்பே தெரிந்தவை, சிலவற்றை அவரே முயன்று நிறுவ முடிந்தது. தொடர்பின்னங்கள் பற்றிய சில அவரை அடித்துப்போட்டன. அப்படியொன்றை யாரும் கற்பனை செய்து புளுகிவிட முடியாது என்று அவரும் சக கணித அறிஞர் லிட்டில்வுட்டும் முடிவுக்கு வந்தார்கள். கேட்டதும் சிறிய உதவிதான்: மதிப்புள்ளது ஏதாவது இருந்தால் அச்சில் வர வேண்டும், நான் ஏழை, ஆலோசனை சொன்னால் நல்லது. வேலை கேட்கவில்லை, கேம்பிரிட்ஜுக்குக் கூப்பிடுங்கள் என்றும் கேட்கவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்தக் கடிதங்களின் ஆங்கிலம் முழுக்க ராமானுஜனுடையது அல்ல என்று ஹார்டி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நண்பர்கள் கைகொடுத்ததாக ராமானுஜனே சொன்ன ஞாபகமும் அவருக்கு இருந்தது. இன்று சாட்ஜிபிடியை வைத்து மெயில் எழுதுகிற மாணவனைப் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோம். கடன் வாங்கிய ஆங்கிலம் அன்றும் உண்டு. ராமானுஜனின் கடிதத்தில் வாசகம் ஓரளவு மற்றவர்களுடையது, கணக்கு அவருடையது. இன்றைய மெயில்களில் பெரும்பாலும் வாசகமும் கடன், உள்ளே சரக்கும் இல்லை. எனக்கும் அப்படிப்பட்டவை வருகின்றன. என் எழுத்து அவர்களை 'ஆழமாகப் பாதித்தது' என்கிறார்கள், எந்த எழுத்து என்பதை மட்டும் சொல்வதில்லை. ஒன்றில் வேறொரு பத்திரிகையின் பெயர் அப்படியே இருந்தது.

பயிற்சி வகுப்புகள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். கேட்கும் விதத்தை மெருகேற்றச் சொல்லித்தருகிறார்கள், காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. அதற்கும் நியாயம் உண்டு. மூன்றாமாண்டு பி.காம். படிக்கும் பிள்ளையிடம் 120 தேற்றம் எங்கே இருக்கும்? ஆனால் உள்ளூர் வாரச்சந்தையில் ஒரு மாதம் மரவள்ளி விலையைக் குறித்துவைத்திருந்தால் அது போதும். விவசாயப் பொருளாதாரம் பார்க்கிறவர் ஒருவர் அந்த மெயிலைத் திறந்து படிப்பார். எழுதும் செலவு அடியோடு இல்லாமல் போனதால் அழகாக எழுதப்பட்ட மெயில் என்பதற்கே மதிப்புப் போய்விட்டது. ஒரு மாலையில் இருநூறு பேருக்கு அனுப்பலாம் என்றால், வாங்குகிறவர் இருநூறில் ஒருவராகத்தான் தன்னை நினைத்துக்கொள்வார்.

எழுத்தின் அழகு மட்டும் போதுமென்றால் 1919-இல் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதிய பாரதிக்குப் பலன் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை.

அப்படியென்றால் இந்தப் பழக்கமே வீண் என்று ஒதுக்கிவிடலாமா? முடியாது. சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையின் வாதம், நெருங்கியவர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் புதிய செய்தியையும் புதிய வாய்ப்பையும் கொண்டுவருகிறார்கள் என்பது. நமக்கு நெருக்கமானவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, லிங்க்டுஇன் தளத்தில் 2 கோடிப் பேரிடம் நடந்த சோதனைகளை வைத்து அந்த வாதத்தை ஓரளவு உறுதிசெய்தது. ஆனால் திருத்தமும் சொன்னது: அதிகம் பயன்பட்டவை மிதமான பலவீனமுள்ள தொடர்புகள். அறவே தெரியாதவருக்கும் அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் இடையில் நிறையத் தூரம் இருக்கிறது. முதலாமவரை இரண்டாமவராக ஆக்குவதற்கு ஒருவர் நடுவில் நிற்க வேண்டும்.

ராமானுஜனுக்கு நடுவில் நின்றவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். ராமசாமி ஐயர், சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ், நாராயண ஐயர். ஆங்கிலம் படித்த பிராமண அதிகாரிகளும் ஆசிரியர்களும், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ராமானுஜனின் வறுமை உண்மை. அந்த வறுமையோடு ஒரு டெபுடி கலெக்டரின் முன்னால் போய் நோட்டைப் பிரித்துக் காட்ட முடிந்ததும் உண்மை. அதே 1910-இல் கல்வராயன் மலையிலிருந்து ஒரு மலையாளிப் பழங்குடிப் பையன் இறங்கிவந்து அந்த அலுவலகத்தில் நுழைந்திருந்தால் பியூனைத் தாண்டியிருப்பானா? மெயில் இந்த விஷயத்தில் நல்லது செய்திருக்கிறது. அதற்குப் பியூன் கிடையாது. அதே கல்வராயனின் வெள்ளிமலையில் செல்போன் சிக்னல் பிடிக்கும் இடத்தில் நின்றுகொண்டு பெங்களூரில் இருக்கும் விஞ்ஞானிக்கு எழுதலாம். சாதி, ஊர், உடை எதுவும் முதலில் கண்ணில் படாது. இந்தப் பழக்கத்தின் மிகப் பெரிய பலம் இதுதான்.

பலவீனம் அடுத்த நொடியே தொடங்குகிறது. திறந்து பார்ப்பவர் பெயரைப் பார்க்கிறார், கல்லூரியைப் பார்க்கிறார், ஆங்கிலத்தைப் பார்க்கிறார். பியூன் இல்லாத வாசலிலும் காவல் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் ஃபார்வர்ட் செய்த மெயிலுக்கு அன்றே பதில் போகும், நேராக வந்தது ஆயிரத்தோடு ஒன்றாகக் கிடக்கும். தொடர்பு இல்லாதவர்களுக்காக ஏற்பட்ட வழியில் தொடர்பு உள்ளவர்கள் முன்னால் போய்விடுகிறார்கள்.

இதற்கு மருந்து எழுதுகிறவன் கையில் மட்டும் இல்லை. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை என்பதை நாம் தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் வாடி வரும் இன்னொருவனை நிறுத்தி, இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார் என்று அனுப்பிவைப்பது அதன் அமைப்பு. அவற்றுள் மலைபடுகடாம் செங்கம் பக்கத்து நன்னனிடம் வழிகாட்டுவது, திருக்கோவிலூருக்கு அக்கம்பக்கம்தான். உள்ளே போனவன் திரும்பி நின்று வெளியில் இருப்பவனுக்குப் பேசுகிறான். இன்று எழுதக் கற்றுக்கொடுக்க எத்தனையோ வகுப்புகள், வந்த மெயிலை என்ன செய்வது என்று சொல்லித்தர ஒன்றும் இல்லை.

வந்தவரைச் சரியான இடத்துக்கு ஆற்றுப்படுத்துவது ராமசாமி ஐயருக்குத் தானாக வந்ததில் வியப்பில்லை. அவரே கடிதங்களால் ஒரு கூட்டத்தைத் திரட்டியவர். கணிதத்தில் நாட்டமுள்ளவர்கள் ஆளுக்கொரு மூலையில் நல்ல நூலும் இதழும் இல்லாமல் கிடக்கிறார்கள் என்று பலருக்கும் எழுதி, 1907-இல் ஒரு சிறு கணிதக் கழகத்தைத் தொடங்கினார். சந்தா சேர்த்து வெளிநாட்டு இதழ்களை வரவழைத்து உறுப்பினர்களுக்கு அஞ்சலில் சுற்றுக்கு விடுவது அதன் வேலை. இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்தது அதுதான். அதன் இதழில்தான் 1911-இல் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. தாசில் கணக்கும் ஜமாபந்தியுமாக இருந்த ஓர் அதிகாரிக்கு அந்த நோட்டை யாரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருந்ததே, அதுதான் அன்று திருக்கோவிலூரில் இருந்த அரிய பொருள்.

சிபாரிசு மட்டும் போதாது என்பதையும் நெல்லூர்க் கதை காட்டுகிறது. ராமச்சந்திர ராவுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை, சந்தேகமும் இருந்தது. ராமானுஜன் மறுபடி வந்து, மேலே எட்டாத இடத்திலிருந்து இறங்கி, எளிய முடிவுகளில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றிக் காட்டிய பிறகுதான் ராவ் நம்பினார். படிப்பவருக்கு எது புரியுமோ அதில் தொடங்குவது: தலைப்பு வரியை விட இது பெரிய பாடம்.

லண்டனிலிருந்து ஹில் எழுதிய பதிலிலும் சரக்கு இருந்தது. விரிதொடர்களில் இந்த இளைஞர் சறுக்குகிறார் என்று குறை சொல்லி, படிக்க வேண்டிய நூலையும் குறிப்பிட்டிருந்தார். ஏற்கவில்லை, ஆனால் படித்துவிட்டு மறுத்தார். அந்த அளவுக்காவது பதில் எழுதுகிறவர்கள் நம்மிடம் எத்தனை பேர்?

ஹார்டி இன்னும் ஒருபடி மேலே போனார். ராமானுஜனுக்குப் பதில் எழுதியது 1913 பிப்ரவரி 8. அதற்கு முன்பே லண்டன் இந்தியா அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, இந்த மனிதரை இங்கே கொண்டுவர வழியுண்டா என்று விசாரித்துவிட்டார். திருக்கோவிலூரில் ராமசாமி ஐயர் செய்ததும் இதுவேதான். பதிலில் ஹார்டி நிரூபணங்களைக் கேட்டிருந்தார். பிப்ரவரி 27-ஆம் தேதியிட்ட இரண்டாம் கடிதத்தில் ராமானுஜன் அவற்றை அனுப்பவில்லை. மேலும் சில முடிவுகளை எழுதி, பல்கலைக்கழகத்திலோ அரசாங்கத்திடமோ உதவித்தொகை கிடைக்கும்படி அனுதாபத்தோடு ஒரு கடிதம் தாருங்கள் என்று கேட்டார். முதல் கடிதத்தில் பொதுவாக ஆலோசனை கேட்டவர், இப்போது இன்ன காகிதம் வேண்டும் என்று குறிப்பாகக் கேட்கிறார். இடையில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் நோட்டைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டமில்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தர விதியில் இடமுண்டா என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் விவாதம் நடந்து, 1913 மே முதல் இரண்டாண்டுக்கு மாதம் 75 ரூபாய் ஒதுக்கினார்கள். துறைமுகச் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு.