திரையை எப்போது பார்ப்பது?

காது அறுவை பழக லண்டனுக்கு வரும் நம்மவர்களில் இரண்டு வகை உண்டு. இலங்கை மருத்துவருக்கு வெளிநாட்டுப் பயிற்சி கட்டாயக் கட்டம். கொழும்பில் எம்.டி. தேறிய பிறகும், வெளிநாட்டில், பெரும்பாலும் ஓராண்டு, பயிற்சி பெற்றுத் திரும்பினால்தான் விசேட வைத்திய நிபுணர் சான்று கைக்கு வரும். இந்தியரை யாரும் அனுப்புவதில்லை. மூன்றாண்டு எம்.எஸ். முடித்தாலே அவர் இ.என்.டி. சர்ஜன், லண்டன் அவராகத் தேடிக்கொள்வது.

இருவரும் உட்காரும் பயிற்சி மேசை ஒன்றுதான். கிண்ணத்தில் இறுக்கிய, காது அடங்கிய பொட்டெலும்பு, மேலே மைக்ராஸ்கோப், கையில் டிரில். தண்ணீர் விட்டுக்கொண்டே துளைக்க வேண்டும். நோயாளியின் காதில் சூடேறினால் உள்ளே ஓடும் முக நரம்பு கெடும். நேவிகேஷன் இருந்தால் பக்கத்தில் ஒரு திரையும் வரும். முன்பே எடுத்த சி.டி. ஸ்கேனோடு எலும்பைப் பொருத்திவிட்டால், கருவியின் முனை நிற்கும் இடத்தை கேமரா பின்தொடர்ந்து படத்தில் காட்டும்.

சைனஸ் அறுவையில் இது பழகிப்போன சங்கதி. காதில் இன்னும் தயக்கம், அதுவும் நியாயமான தயக்கம். காக்ளியர் இம்ப்ளாண்ட்டுக்காக முக நரம்புக்கும் சுவை நரம்புக்கும் நடுவே திறக்கும் வழி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். தோலை வைத்துப் பொருத்தினால் வரும் பிழையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர். பயிற்சி எலும்பிலோ சிறு திருகாணிகளைப் பதித்து நெருக்கமாகப் பொருத்தலாம். கை தவறினாலும் யாருடைய முகமும் கோணாது. இதே லண்டனில் 19ஆம் நூற்றாண்டில் காது மருத்துவர் ஜோசப் டாய்ன்பீ ஏறத்தாழ 2000 காதுகளை அறுத்துப் பார்த்தார். இன்று அத்தனை எலும்புக்கு எங்கே போவது? கிடைக்கும் ஒவ்வொன்றும் கூடுதலாகக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

இந்தியப் பயிற்சியாளர் சீழ்க்காது நோயாளிகளின் கூட்டத்தில் வளர்ந்தவர். நல்ல கல்லூரியாக வாய்த்திருந்தால் (எல்லாருக்கும் வாய்ப்பதில்லை) காதுக்குப் பின்னாலுள்ள மாஸ்டாய்டு எலும்பைத் திறக்கும் கை ஓரளவு வந்திருக்கும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளாண்ட் செய்கிறார்கள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவராகவும் இருக்கலாம். அவருக்குத் திரை தணிக்கையாளர் மாதிரி: பழகிப்போன துணிச்சலைச் சோதித்துப் பார்க்க உதவும்.

இலங்கையருக்கு நெருக்கடி வேறு. காலம் குறைவு, திரும்பியதும் அரசாங்கம் நியமிக்கும் ஆஸ்பத்திரியில் நேவிகேஷன் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு பழகக் கூடாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் பயிற்சிக்குப் போனவர்களில் திரும்பாதவர்களும் உண்டு. திரும்புகிறவர் தலையில் அவர்கள் வேலையும் விழுகிறது. ஆகவே அவருக்குப் பாடத்தின் வரிசையையே மாற்ற வேண்டும் என்பேன். திரையை அணைத்துவிட்டுத் துளைக்கட்டும். நரம்பு எங்கே, இன்னும் எத்தனை மில்லிமீட்டர் என்று முதலில் வாய்விட்டுச் சொல்லட்டும். பிறகுதான் முனையை வைத்துத் திரையைப் பார்ப்பது. சொன்னதற்கும் திரை காட்டியதற்கும் உள்ள இடைவெளி வாராவாரம் குறைகிறதா என்று எழுதி வைத்தால், பயிற்றுநர் கையெழுத்திட அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இதில் பாதியை விமானம் ஏறுமுன்பே முடிக்கலாம். கோபன்ஹேகனில் உருவான ‘விசிபிள் இயர்’ சிமுலேட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. எலும்பைத் திரையிலேயே துளைத்து, நரம்பைக் கண்டுபிடித்துப் பழகலாம். கொழும்புக்கும் மதுரைக்கும் அதற்கு வேண்டியது ஒரு நல்ல கம்ப்யூட்டரும், பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க நேரம் ஒதுக்கும் ஒரு மூத்த சர்ஜனும்.