கட்-அவுட்டும் நாற்காலியும்

2024 அக்டோபர் 27. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டி வி.சாலையில் நடிகர் விஜய் கட்சியின் முதல் மாநாடு. ரோடு நகரவில்லை. வேனிலும் டெம்போவிலும் போனவர்களில் எங்கள் சேரிப் பையன்களும் இருந்தார்கள். சித்தப்பா மகன் என்னைப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "அண்ணே, அம்பேத்கரு கட்-அவுட்டு எவ்ளோ ஒசரம் பாத்தியா? எந்த நடிகன் வச்சிருக்கான் சொல்லு!"

சிரிக்க முடியவில்லை. அவன் சந்தோஷம் பொய்யில்லை. அம்பேத்கர் சிலைக்குக் கம்பிக்கூண்டு போட்டுவைத்திருக்கிற நாடு இது. கூண்டில்லாமல் அவரைப் பார்க்கிற சந்தோஷத்தைக் கொச்சைப்படுத்த நான் யார்? ஆனால் அந்தச் சந்தோஷத்தின் மேல் ஏறி யார், எந்த நாற்காலிக்குப் போகிறார்கள் என்று கேட்காமல் விடவும் முடியாது.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், ஆன்மிகத்தில் பக்தி விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் அது சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்குமே வழி என்று எச்சரித்தார். தனிமனித வழிபாட்டை மறுத்தவரையே வழிபாட்டுக் கூட்டத்துக்குள் கட்-அவுட்டாக நிறுத்தியதுதான் பிம்ப அரசியலின் சாமர்த்தியம். பெரியாரையும் பக்கத்தில் நிறுத்தினார்கள். இருவரும் அங்கே படங்கள்தான். படம் எதிர்க்கேள்வி கேட்காது.

பக்தி எங்களுக்குப் புதுசில்லை. எங்க ஆயா எம்.ஜி.ஆர். படத்துக்கு வெளக்கேத்தி வச்சவங்க. 1978 ஜூலையில் விழுப்புரம் பெரிய காலனியில் பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்டபோது கோட்டையில் முதலமைச்சராக இருந்தவர் அதே எம்.ஜி.ஆர். "காலனி எரிஞ்ச அன்னிக்கும் அந்தப் படம் செவுத்துலதான்டா இருந்துச்சு" என்று ஆயா சொல்லும்போது குரலில் கோபம் இருக்காது. அதுதான் எனக்குப் பயம். ஏழைகளைக் காக்கும் திரை நாயகனுக்கும் ஆட்சியில் ஏழைகள் பெற்றதற்கும் இடையிலுள்ள தூரத்தை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஒரு புத்தகமாகவே ஆய்வு செய்தார். ஆயா அந்தத் தூரத்தில்தான் வாழ்ந்தாள்.

எல்லாப் பிம்பமும் ஜெயிப்பதில்லை. சிவாஜி 1989இல் திருவையாற்றில் தோற்றார். விஜயகாந்த் 2011இல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து ரிஷிவந்தியத்தில் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவரானார். 2016இல் இதே மாவட்டத்து உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் இழந்தார். சனங்கள் முட்டாள்கள் இல்லை. ஆனால் நடிகர் தோற்றால் ஒரு தேர்தல் போகும். நம்மாள் ஜெயித்தால் உயிரே போகலாம்.

அமெரிக்காவில் கார்மெல் என்ற சின்ன ஊர். நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் கட்டட அனுமதி விஷயத்தில் நகர நிர்வாகத்தோடு மோதிவிட்டு, 1986இல் அங்கேயே மேயராக ஜெயித்தார். முகமுள்ளவனுக்குக் கோபம் வந்தால் நாற்காலி கிடைக்கிறது. மேலவளவில் ஊராட்சித் தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை பத்து வருஷம் நாற்காலியை நெருங்கவே விடவில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் வெளியே வந்தது.

மேயர் நாற்காலியிலும் இதே கதைதான். சென்னைக்கு 1937இல் ஜெ.சிவசண்முகம் பிள்ளை, 1945இல் என்.சிவராஜ் என்று நம்மவர்கள் மேயராக இருந்திருக்கிறார்கள். 1996இல் மக்களே நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தபோது மு.க.ஸ்டாலின் வந்தார். முதலமைச்சர் மகன், சினிமாவிலும் டிவி தொடரிலும் நடித்தவர். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் முறை, 2011இல் திரும்ப நேரடி, 2019இல் திரும்ப மறைமுகம். நகரம் முழுக்க ஓட்டுக் கேட்க முகமும் பணமும் வேண்டும். கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தால் கட்சித் தலைமையின் கண்ணசைவு வேண்டும். இரண்டிலும் நமக்குத் தானாக இடமில்லை. 2022இல் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று அரசாணை ஒதுக்கிய பிறகுதான் ஆர்.பிரியா சென்னையின் முதல் தலித் பெண் மேயரானார். கதவைத் திறந்தது எந்தப் பிம்பமும் இல்லை, சட்டம்.

சட்டம் நாற்காலியைத் தரும், மரியாதையைத் தராது. திண்டிவனம் தனித் தொகுதி. விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதியும் தனித் தொகுதி. அப்படியிருந்தும் 2025 செப்டம்பரில் திண்டிவனம் நகராட்சி அலுவலகத்தில் தலித் ஊழியர் ஒருவர் காலில் விழவைக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது, வீடியோவும் வெளியானது. அந்த அறைக்குள் எந்தக் கட்-அவுட்டும் வந்து நிற்காது.

2021 அக்டோபரில் விழுப்புரம் உட்பட ஒன்பது மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் விஜய் மக்கள் இயக்கத்தார் நூற்றுக்கும் மேல் ஜெயித்தார்கள். அதைச் சொல்லித்தான் என் தம்பியும் ஆசைப்படுகிறான்: "வார்டுக்கு நிக்கலாம்னு இருக்கேண்ணே."

நில்லுடா தம்பி. நான் நோட்டீசு எழுதித் தர்றேன். ஆனா நோட்டீசுல ஒன் மூஞ்சி இருக்கணும். கால்வா, சுடுகாட்டுப் பாதை, பட்டா என்று நம் தெரு கேட்பது இருக்கணும். நடிகன் மூஞ்சியப் போட்டு ஜெயிச்சா, நாளைக்கு ஒன்னையத் தரையில ஒக்கார வைக்கும்போது யாரு மூஞ்சியக் காட்டுவ?