புழுதி ஊரும் மண்ணெண்ணெய் ஊரும்

"தம்பி, உங்கட மெக்கானிக்மாருக்குச் சாமான் மாத்தத்தான் தெரியும், பிழை பிடிக்கத் தெரியாது." கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமில் இருக்கும் தங்கையைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு கராஜ்காரர், சோழவரம் டீக்கடையில் உட்கார்ந்து, நம் டீயையே குடித்துக்கொண்டு சொன்னது இது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் வண்டி திணறுகிறது என்று போனவருக்கு எங்கோ புது கார்பரேட்டரையே மாட்டி அனுப்பிவிட்டார்களாம். அப்படிப்பட்ட கடைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கடையைப் பார்த்து ஊரை அளக்கலாமா?

எங்கள் பக்கத்துப் பழைய டிவிஎஸ் எக்ஸெல்கள் தார் ரோட்டில் ஓடுவதைவிட ஏரிக்கரையிலும் செங்கல் சூளையிலும்தான் அதிகம் ஓடுகின்றன. செங்குன்றம் அரிசி ஆலைத் தூசி, ஜிஎன்டி ரோட்டில் எம்-சாண்ட் லாரிகள் கிளப்பும் மண், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் கரி என்று எல்லாம் சேர்ந்து வண்டிக்குள் போகிறது. அதனால் "பிக்கப் இல்லண்ணே" என்று ஒருவர் வந்தால் எங்கள் மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றுவார். ஃபில்டர் இல்லாமல் ஒரு நிமிடம் உறுமவிடுவார். வண்டி தெளிந்தால் அடைப்பு அங்கேதான். தெளியவில்லை என்றால் சோக்கை இழுப்பார். சோக்கில் நன்றாக ஓடினால் பெட்ரோல் குறைகிறது: ஒன்று ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ "ஏர் எடுக்குது". கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரில் க்ளீனரைப் பீய்ச்சுவார். ஐட்லிங் சத்தம் மாறினால் வெடிப்பு பிடிபட்டது. கடைசியில் பிளக். வெளுத்திருந்தால் காற்று அதிகம், கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், காபித்தூள் நிறம் என்றால் சரி. இதில் எங்கே சாமான் மாற்றினார்கள்?

இந்த ஊர்க் காதுக்கு ஒரு வரலாறும் உண்டு. சோழவரத்தின் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் 1990-இல் வரும்வரை, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது இங்கேதான். இலங்கையிலிருந்தே ஆட்கள் வந்து ஓட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் வண்டியிலும் ஃபில்டரைக் கழற்றி எறிந்த பையன்கள் எத்தனையோ பேர். ஜெட் பெரிதாக்காமல் ஃபில்டரை மட்டும் எடுத்தால் கலவை மெலிந்து சூடேறும், டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சூளை மண்ணில் ஓட்டினால் ரிங்கும் தேய்ந்துவிடும். அந்தச் சேதம் பார்த்தே எங்கள் மெக்கானிக்குகள் பாடம் படித்தார்கள்.

அந்தக் கராஜ்கார அண்ணனின் பள்ளிக்கூடம் வேறு. 1990-க்குப் பிந்தைய பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வரவில்லை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே சின்னப் போத்தலிலிருந்து சில சொட்டுப் பெட்ரோலைக் கார்பரேட்டருக்குள் பீய்ச்சி ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பின்தான் மண்ணெண்ணெயில் ஓட்டம். தட்டல், புகை, பிளக்கில் கரி. அதனால்தான் அவர் கை முதலில் கார்பரேட்டர் அடிக்கிண்ணத்துக்குப் போகிறது, ஏர் ஃபில்டர் மூன்றாவதோ நான்காவதோதான். நாங்கள் "பிக்கப் இல்லை" என்பதை அவர் "இழுவை காணாது" என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அங்கே வேலை நுணுக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்குப் போனபோது வழியில் ஒரு கராஜை எட்டிப் பார்த்திருக்கிறேன். மிதவையின் மட்டத்தை ஒருவர் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025-இல்தான் மறுபடி திறந்த நாடு அது. பழைய கார்பரேட்டரைக் காப்பாற்றாமல் என்ன செய்வார்கள்? இங்கே 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தது. எக்ஸெல்லிலேயே கார்பரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. சென்சார் கெட்டால் மாற்றத்தான் வேண்டும், சாணை பிடிக்க முடியாது. போதாததற்கு 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்பரேட்டரில் அதுவே கலவையைக் கொஞ்சம் மெலிக்கிறது. இத்தனையையும் சமாளிக்கிற கையைத்தான் அவர் ஒரு வாக்கியத்தில் தள்ளிவிட்டார்.

"எங்கட வலிகாமம் செம்மண்ணை நீங்கள் பாக்கேல்லை" என்றார். பார்த்தேன். அது தோட்டத்தில் கிடக்கிற மண், அழகான மண். எங்கள் தூசி சோற்றுத் தட்டு வரைக்கும் வரும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவுவதில்தான் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. எங்கள் ஆள் மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் பிழிந்து, காயவைத்து, இன்ஜின் ஆயிலைப் பூசி மாட்டுவார். பெட்ரோல் ஸ்பாஞ்சின் பசையைக் கரைத்துவிடும் என்பது அவர் கட்சி. அண்ணனோ "பெற்றோல்ல அலசினாத்தான் சுத்தம், நாங்கள் எப்பவும் அப்பிடித்தான்" என்று சத்தியம் செய்தார். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர் என்று கியூஆர் காட்டி வாங்கியபோதுமா என்று கேட்டேன். டீ ஆறுகிறது என்றார்.